மூளை நோய்கள், ஆய்வு, மாணவர்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு நரம்பியல் பேராசிரியர். பிறந்து படித்தது திருகோணமலையில். ஆய்வுகூடம் இருப்பது வெளிநாட்டில். ஊருக்கு வரும்போதெல்லாம் நகரத்துப் பாடசாலைகளுக்கும், நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் போய் மாணவர்களோடு மூளையைப் பற்றிப் பேசுகிறேன். வகுப்பில் கை உயர்த்திக் கேட்ட கேள்விகளும், எல்லாம் முடிந்தபின் வாசலில் பெற்றோர் தணிந்த குரலில் கேட்ட கேள்விகளும் இங்கே கலந்திருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஆய்வாளர், நோயாளரைப் பார்க்கும் வைத்தியர் அல்ல. மருந்தைத் தொடங்குவது, கூட்டுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் வைத்தியரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

நீங்கள் ஆராய்வது சரியாக என்ன?

நடுக்குவாதம். ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் நோய் என்பார்கள். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் ஆறு பேரைப் பற்றி எழுதிய சிறு நூலிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. அந்த ஆறு பேரிலும் சிலரை அவர் தெருவில் நடந்து போகும்போதுதான் பார்த்திருந்தார். ஓய்வாக இருக்கும்போது நடுங்கும் கை, முன்னுக்கு வளைந்த உடம்பு, சின்னச் சின்ன எட்டுகளாக வேகம் கூடிப்போகும் நடை என்று அவர் எழுதியதெல்லாம் இன்றைக்கும் பொருந்துகிறது.

மூளையின் நடுப்பகுதியில், வெறுங்கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள நரம்புக்கலங்கள் டோபமீன் என்ற பொருளைச் சுரக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் கையும் காலும் இலகுவாக அசைய அது வேண்டும். இந்த நோயில் அந்தக் கலங்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கை நடுங்குகிறது என்று வீட்டில் கவனிக்கும் நேரத்தில் ஏறக்குறையப் பாதிக் கலங்கள் போய்விட்டிருக்கும்.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்க, முதலில் இந்தத் திட்டு ஏன் அடிபடுகிறது என்பதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கும் கேள்வி. ஒரு காரணம் ஓரளவு தெளிவாகிவிட்டது. இந்தக் கலம் ஒவ்வொன்றும் கிளை விட்டுக் கிளை விட்டு மிக நீளமாகப் பரவுகிறது. மனிதரில் ஒரே கலத்தின் கிளைகளை எல்லாம் கூட்டினால் சில மீற்றர் நீளம் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை கிளைகளுக்கும் சக்தி கொடுத்தே அந்தக் கலம் களைத்துப்போகிறது. அதற்குமேல் அல்பா சைனுக்ளீன் என்ற புரதம் திரண்டு கட்டியாகத் தொடங்கினால் அதனால் தாங்க முடிவதில்லை.

மனித நோயை ஈயில் எப்படி ஆராய்வது?

பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னப் பழ ஈதான் எங்கள் ஆய்வுகூடத்தின் முக்கிய உயிரினம். மனிதருக்கு நோய் உண்டாக்கும் மரபணுக்களில் நான்கில் மூன்று பங்குக்குப் பழ ஈயிலும் இணையான மரபணு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில், மனிதரின் அல்பா சைனுக்ளீன் மரபணுவை ஈக்குள் புகுத்திப் பார்த்தார்கள். வயது போகப் போக அந்த ஈக்களின் டோபமீன் கலங்கள் அழிந்தன. ஏறுவதிலும் தளர்ச்சி வந்தது.

ஏறுவது என்றேன். அது நாங்கள் அன்றாடம் செய்யும் சோதனை. ஈக்களை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அடியை மெதுவாக மேசையில் தட்டினால் எல்லாம் கீழே விழும். விழுந்த உடனே நல்ல ஈக்கள் சுவரைப் பிடித்து மேலே ஓடும். குழாயில் ஒரு கோடு போட்டு, பத்து விநாடியில் எத்தனை அந்தக் கோட்டைத் தாண்டின என்று எண்ணுவோம். நோயுள்ள ஈக்கள் பாதி வழியில் நின்றுவிடும், அல்லது வழுக்கி விழும். ஒரு மருந்தோ உணவோ கொடுத்தபின் கூடுதலான ஈக்கள் கோட்டைத் தாண்டினால் அதைத் தொடர்ந்து ஆராயலாம் என்று முடிவெடுப்போம்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். கனிந்த மாம்பழத் துண்டைப் போத்தலில் போட்டு முற்றத்தில் வைத்தால் ஈக்கள் தாமாக வரும். வந்ததும் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நாட்களில் அடுத்த தலைமுறை வெளிவரும். முட்டையிட்ட பெரிய ஈக்களை வேறு போத்தலுக்கு மாற்றாவிட்டால் தாயும் பிள்ளையும் கலந்து வயது தெரியாமல் போய்விடும். ஆடி வெக்கையில் வெயில் படும் இடத்தில் வைத்தால் பெருகாது, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். சில நாள் வயதான ஈக்களையும் ஒரு மாதம் கடந்த ஈக்களையும் தட்டி எண்ணிப் பாருங்கள். முதுமை நரம்பையும் தசையையும் என்ன செய்கிறது என்பது உங்கள் கொப்பியில் நீங்களே எழுதிய இலக்கமாக இருக்கும்.

வகுப்புக்குக் கணவாய் கொண்டு வருகிறீர்களே, அது எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது.

நரம்பில் செய்தி மின்சாரமாக ஓடுகிறது என்பது பழைய செய்தி. அந்த மின்சாரம் எப்படி உண்டாகிறது என்று பார்க்க நரம்பு நாருக்குள்ளேயே கம்பி செலுத்த வேண்டும். எங்கள் உடம்பில் தடித்த நார்கூட ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்குதான் வரும். கணவாயின் உடலிலோ ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்த நார் இருக்கிறது என்று 1936இல் ஜே. இசட். யங் என்ற விலங்கியல் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். ஆபத்து வந்தால் கணவாய் உடலைச் சட்டென்று சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சிப் பின்பக்கமாகப் பாய்கிறது. உடல் முழுக்க ஒரே நேரத்தில் சுருங்கினால்தான் அந்தப் பாய்ச்சல் சரிவரும். அதனால் தூரத்துத் தசைக்குப் போகும் நார் கூடுதல் தடிப்பாக இருக்கிறது. தடிப்புக் கூடினால் செய்தியின் வேகமும் கூடும்.

அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இருவர் 1939இல் அந்த நாருக்குள் மெல்லிய மின்வாயைச் செலுத்தினார்கள். உலகப் போர் வந்து வேலை நின்றுபோனது. போருக்குப் பின் திரும்ப வந்து 1952இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள்: நாரின் சவ்வில் முதலில் சோடியம் அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) உள்ளே பாய்கின்றன, பிறகு பொட்டாசியம் அயன்கள் வெளியே போகின்றன, அந்த ஏற்ற இறக்கமே நரம்பின் செய்தி. 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்பில் நாங்கள் செய்வது இதுதான். விடியற்காலை கரைக்கு வந்த, நீண்ட உடம்புள்ள கணவாயை வாங்குவோம். வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் வெட்டி, உடலை ஒரு கண்ணாடித் தட்டில் விரித்து, குடலை அகற்றுவோம். தலைப்பக்கம் உட்சுவரில், நடு முள்ளுக்கு இடமும் வலமுமாக ஒவ்வொரு வெள்ளை முடிச்சுத் தெரியும். அதிலிருந்து நூல் நூலாக நாற்புறமும் நரம்புகள் பிரிந்து போகும். தட்டுக்குக் கீழே போன் டோர்ச்சைப் பிடித்தால் சதை கண்ணாடிபோல் ஆகி, வால்பக்கம் ஓடும் தடித்த நூல் தனியாகத் தெரியும். ஒரு மாணவி அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதை நாங்கள் கறி வைக்கிற நேரம் இழுத்து எறியிறம்" என்றாள். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு ஒருவரும் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? சோடியம் உள்ளே போகும் வாயிலை அமைக்கும் மரபணுவொன்றில் பிழை இருந்தால் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான ஒருவகை வலிப்பு வருகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிரோயின், காபமசபீன் குளிசைகள் இரண்டும் சோடியம் வாயில்களைக் கட்டுப்படுத்தித்தான் வேலை செய்கின்றன. பல் பிடுங்க முன் முரசில் போடும் விறைப்பு ஊசியும் அதே வாயிலைத்தான் அடைக்கிறது.

ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்? கையில் இரும்பு கொடுக்கலாமா?

வேண்டாம். சாவிக்கொத்துக் கொடுத்ததும் வலிப்பு நின்றது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நிற்கும். சாவி தேடி எடுத்துக் கொடுக்கவும் அதேயளவு நேரம் பிடிக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. பக்கத்தில் இடிபடக்கூடிய கதிரை, கல், கத்தி எதுவும் இருந்தால் அகற்றுங்கள். தலைக்குக் கீழே மடித்த துவாயை வையுங்கள். கழுத்துப்பட்டி இருந்தால் தளர்த்துங்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்கக் கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். உதறல் அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். தொடக்கத்திலிருந்தே மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தால், அல்லது தண்ணீருக்குள் வலிப்பு வந்திருந்தால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடலோடும் குளத்தோடும் கிணற்றோடும் வளர்கிறார்கள். வலிப்புள்ள பிள்ளையைக் குளிக்கவோ நீந்தவோ விடக் கூடாது என்றில்லை, தனியே விடக் கூடாது. கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு வலிப்பு இருந்தால் படகில் கூடப் போகிறவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஏழு பேரும் அப்படி வாழ விடாமல் தடுப்பது பெரும்பாலும் மறைப்புத்தான். கல்யாணப் பேச்சு வந்தால் குளிசையை ஒளிக்கிறார்கள், பிறகு சில நாள் விட்டுவிடுகிறார்கள், மணவறையில் வலிப்பு வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு விடயம்: வல்புரோவேற் என்ற மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. கல்யாணத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொன்னால் மாற்று மருந்துக்கு வழி உண்டு. பயத்தில் திடீரென்று நிறுத்துவதுதான் மிக ஆபத்து.

பேய் பிடித்தது என்று சொல்லப்படுபவருக்கு மூளை நோய் இருக்கலாமா?

இருக்கலாம். 2007இல் ஜோசெப் டால்மாவ் என்ற நரம்பியல் வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஒரு நோயை விவரித்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். சில நாள் காய்ச்சல், தலையிடி. பிறகு தூக்கமில்லை, பயம், இல்லாத குரல் கேட்கிறது, சம்பந்தமில்லாத பேச்சு. அதற்குப் பின் வாய் கோணுவதும் கை தானாக அசைவதும் வலிப்பும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் ஒரு புரதத்தைத் தாக்குவதால் வருவது இது. சிலரில் சூலகத்தில் உள்ள ஒரு கட்டி அதைத் தூண்டிவிடுகிறது. நேரத்தோடு கண்டுபிடித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்து, கட்டி இருந்தால் அகற்றினால் ஐந்து பேரில் நான்கு பேர் நன்றாகத் தேறுகிறார்கள்.

பத்ரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைக்க வேண்டாம் என்றோ, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வேண்டாம் என்றோ நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். என் அம்மம்மாவும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். நேர்த்தியை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள் என்றுதான் கேட்கிறேன். பிள்ளையைக் கட்டி வைப்பதற்கும் அடிப்பதற்கும் மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பாரிசவாதம் வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்?

முடிந்தளவு உடனே. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் இரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கான் பார்க்கவும் வேண்டும். வாய் ஒரு பக்கம் இழுபடுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 1990. எண்ணெய் தேய்த்துவிட்டு, விடிந்ததும் பார்ப்போம் என்று படுக்க வைப்பதால் எங்கள் பகுதியில் எத்தனையோ கைகால்கள் வீணாகப் போயிருக்கின்றன. எந்த நேரம் தொடங்கியது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை நினைவு வைத்துச் சொல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆச்சிக்கு அறளை பெயர்ந்துவிட்டது. வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே?

இல்லை. வயது ஒரு காரணம்தான், ஆனால் எண்பது தாண்டியும் பேரப்பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரம் வரை சொல்லும் ஆச்சிமார் எத்தனை பேர்! 1901இல் பிராங்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு 51 வயதில் மறதியோடு வந்த ஒரு பெண்ணைத்தான் அலொய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர் கவனித்தார். அந்தப் பெண் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்து, கலங்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுகிய இழைகளையும் 1906இல் எடுத்துச் சொன்னார்.

முதல் வேலையாக ஆச்சியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த இரத்தம், இவையும் அறளைபோலவே தெரியும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைக் கூறி, மறதி நோயில் ஏறக்குறையப் பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சீனி வருத்தம், புகை, மது, தலை அடிபடுதல், தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் வீடுகளில் ஒருவரும் எண்ணிப் பார்க்காதது காது. ஆச்சிக்குக் காது கேட்பதில்லை என்று எல்லோரும் அவரோடு பேசுவதையே குறைத்துவிடுகிறார்கள். கேட்காத காதும் பேசாத நாட்களும் சேர்ந்து மூளையை இன்னும் தளர்த்துகின்றன. கண்ணில் புரை இருந்தாலும் அப்படித்தான், சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அல்சைமர் விவரித்த அந்த மறதி நோய்க்குப் புது மருந்துகள் வந்திருக்கின்றன. லெக்கனெமாப் என்பதற்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அது நோயை நிறுத்துவதில்லை. ஒன்றரை வருடத்தில் தளர்ச்சியின் வேகத்தைக் கால்வாசி அளவுக்குக் குறைத்தது. மூளை வீக்கம், இரத்தக் கசிவு என்ற பக்கவிளைவுகளும் உண்டு. காணியை ஈடு வைத்தாவது வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமா என்று கேட்டார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். அந்தக் காசில் ஆச்சிக்குக் காதுக் கருவியும் பகலில் கூட இருக்க ஒரு ஆளும் கிடைக்கும்.

நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி நல்லது என்கிறார்களே?

இது வெறும் பேச்சல்ல. சொறியும் மயிர்களுள்ள பூனைக்காலிக் காயின் விதையில், மூளையில் டோபமீனாக மாறும் லெவோடோபா இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் குளிசையிலும் அதே பொருள்தான். அதை அந்த விதையிலிருந்து தமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1937இலேயே பிரித்தெடுத்துப் பிரசுரித்தார்கள். லெவோடோபா நோயாளரை எழுந்து நடக்க வைக்கும் என்று உலகம் நம்பியது 1960களின் பிற்பகுதியில்தான். விதைத்தூளைக் கொடுத்துச் செய்த சிறு ஆய்வுகளில் அது உண்மையாகவே வேலை செய்திருக்கிறது.

அப்புறம் ஏன் குளிசை? ஒரு விதையில் உள்ள அளவு இன்னொரு விதையில் இராது. குளிசையில் கூடவே காபிடோபா இருக்கிறது. மருந்து மூளைக்குப் போக முன் உடம்பில் கரைந்துபோவதை அது தடுக்கிறது, வாந்தியையும் குறைக்கிறது. குளிசையும் போட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் சூரணமும் குடித்தால் அளவு மிஞ்சி உடம்பு தானாக நெளியத் தொடங்கும், பிரஷர் விழும். எங்கள் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அங்குள்ள மாணவர்களும் நரம்பியல் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் இருந்து இந்த விதையை ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்னொரு சிறு குறிப்பு: இந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் எடுப்பது நல்லது. மீன், இறைச்சி, பருப்பில் உள்ள புரதம் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

வயலுக்கு அடிக்கும் மருந்தால் நடுக்குவாதம் வருமா?

தம்பலகாமத்து விவசாயி ஒருவர் கேட்டார். நியாயமான பயம். 1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் கள்ளமாகச் செய்த போதைப்பொருளை ஊசியாகப் போட்டு, சில நாட்களில் நடுக்குவாத நோயாளிகள் மாதிரி உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்ற பொருள் டோபமீன் கலங்களைக் கொன்றிருந்தது. அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளின் வடிவம் பரகுவாற் களைநாசினிக்கு மிக நெருங்கியது. பரகுவாற்றோடு வேலை செய்தவர்களில் நோய் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இலங்கை 2008 தொடங்கிப் படிப்படியாக அதைத் தடைசெய்துவிட்டது. முக்கிய காரணம் நஞ்சு குடித்து நடந்த மரணங்கள். எந்த மருந்து அடித்தாலும் கையுறை, முகமூடி, நீளக் கைச் சட்டை போடுங்கள்; காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள்; மருந்து முடிந்த வெறும் போத்தலில் தண்ணீர் எடுக்காதீர்கள்.

இல்லாத கால் ஏன் வலிக்கிறது?

யுத்தத்தில் காலை இழந்த ஒருவரின் மகன் கேட்ட கேள்வி. அப்பா இரவில் இல்லாத பாதத்தைத் தடவத் தேடுகிறார் என்றான்.

கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் போவதில்லை. பக்கத்து இடங்களின் நரம்புகள் மெல்ல அங்கே நுழைகின்றன. வெட்டிய முனையில் உள்ள நரம்புகளும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் மிக எளிய ஒரு வழியைக் கண்டார். ஒரு கையை இழந்தவருக்கு முன்னால் கண்ணாடி ஒன்றை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையை அதில் பார்க்க வைத்தார். இல்லாத கை திரும்ப வந்துவிட்டது போல் கண் காண்கிறது. இருக்கும் கையை விரித்தால் கண்ணாடியில் மற்றக் கையும் விரிகிறது. வருடக் கணக்காக இறுகிப் பொத்தியிருந்த இல்லாத கை சிலருக்கு அந்த நேரமே தளர்ந்தது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. கிடைப்பவருக்கு அது பெரிய விடுதலை. பாரிசவாதத்தில் தளர்ந்த கைக்குப் பயிற்சி கொடுக்கவும் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தப் பையனும் நண்பர்களும் அலுமாரிக் கண்ணாடி ஒன்றைப் பலகையில் பொருத்தினார்கள். இயன்மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத்தான் வீட்டில் தொடங்கச் சொன்னேன்.

பரீட்சைக்கு ஞாபகசக்தி கூட என்ன சாப்பிடலாம்?

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். போத்தலில் விற்கும் ஞாபக மருந்துகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். படித்தது மூளையில் நிலைப்பது தூக்கத்தில். உங்கள் வயதில் எட்டு மணித்தியாலமாவது தூங்க வேண்டும். புலமைப்பரிசில் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பும் தாய்மாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். மூளையில் பத்து வீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது பொய்; முழுவதும் வேலை செய்கிறது.

ஆய்வுக்காக உயிர்களைக் கொல்வது பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை நல்ல ஆய்வாளராக வரும். எலி போன்ற முதுகெலும்புள்ள உயிர்களில் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்: வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைத் தவிர்க்க முடியுமா என்று அங்கே கேட்பார்கள். ஈயில் பதில் கிடைக்கும் கேள்விக்கு நான் எலியைத் தொடுவதில்லை. வகுப்புக்கு வரும் கணவாய் சந்தையில் வாங்கியது. வெட்ட மனமில்லாத மாணவரை வற்புறுத்த மாட்டோம். அவர் வரையலாம், படம் எடுக்கலாம்.

நரம்பியல் படிக்க டொக்டராக வேண்டுமா? திருகோணமலையிலிருந்து முடியுமா?

டொக்டராவது ஒரு வழி, ஒரே வழி அல்ல. உயர்தரத்தில் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதவில்லை என்றதும் வீடே இழவு வீடாகிவிடுகிறது. உயிரியல் விஞ்ஞானம், பௌதிகம், இரசாயனம், கணினி, உளவியல் எதிலிருந்தும் மூளை ஆய்வுக்கு வரலாம். கணித மாணவர்களே, கணவாய் நாரின் மின்சாரத்தை ஹக்ஸ்லி சமன்பாடுகளாக எழுதி, கையால் சுற்றும் கணக்குப் பொறியில் படிப்படியாகத் தீர்த்தார். அந்தச் சமன்பாடுகளை இன்று உங்கள் மடிக்கணினி கண் இமைக்க முன் தீர்த்துவிடும்.

ஆய்வுகூடம் இல்லாமலும் தொடங்கலாம். 2024இல் வளர்ந்த பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது: 1,39,255 நரம்புக்கலங்கள், அவற்றுக்கிடையே 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். கணினி வரைந்ததில் இருந்த பிழைகளைத் திருத்தியவர்களில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த தன்னார்வலர்களும் உண்டு. பிளைவயர் என்ற அந்த வரைபடம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. இணையம் உள்ள எந்த வீட்டிலிருந்தும் ஒரு கலத்தைப் பிடித்து அது எதனோடு பேசுகிறது என்று தேடலாம்.

பாடசாலை மாணவர்களுக்கு 1998இல் தொடங்கிய பிரெய்ன் பீ என்ற, மூளை பற்றிய சர்வதேசப் போட்டி இருக்கிறது. 1996இல் தொடங்கிய மூளை விழிப்புணர்வு வாரம் ஒவ்வொரு மார்ச் மாதத்திலும் பல நாடுகளில் நடக்கிறது. எந்தப் பாடசாலையும் தன் அளவில் ஒன்று செய்யலாம்.

ஆங்கிலம் தடையாகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, அதனால் வேண்டும்தான். நானும் தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் பிறகு பழகினேன். கேள்வியைத் தமிழில் தெளிவாகக் கேட்கத் தெரிந்தவருக்கு அது சில வருட வேலை.

எங்கள் பாடசாலைக்கு வர என்ன ஏற்பாடு வேண்டும்?

அதிபரின் கடிதம் ஒன்று, இரண்டு பாடவேளை, நீண்ட மேசை இரண்டு, விரிக்கப் பழைய பேப்பர், கைகழுவத் தண்ணீரும் சவர்க்காரமும். ஒரு வகுப்புக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் பின்வரிசைக்குத் தட்டுத் தெரியாது. தரம் 9க்கு மேல் நல்லது. முன் பாடவேளை கிடைத்தால் மிக நல்லது, பதினொரு மணிக்குப் பிறகு வெக்கையில் கணவாய் பழுதாகிவிடும். மண்டபம் அலங்கரிக்கவோ மாலை போடவோ வேண்டாம். பெற்றோரும் வரட்டும், குறிப்பாக வீட்டில் நோயாளர் இருப்பவர்கள். எல்லோர் முன்னும் கேட்கத் தயங்குபவர்களுக்காக வாசலில் ஒரு பெட்டியும் துண்டுத்தாளும் வையுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை.